எண்ணெய் விளக்கு முதல் சூரிய மின்தகடு வரை: மலைக்கிராமப் பள்ளிவாசல்களுக்கு வெளிச்சம் வந்த வரலாறு

இறையில்லங்களில் விளக்கேற்றுவது இந்தச் சமுதாயத்தின் மிகப் பழைய அறப்பணிகளுள் ஒன்று. தொடக்கத்தில் மதீனாப் பள்ளிவாசலில் பேரீச்ச மட்டைகளைக் கொளுத்தியே இரவில் வெளிச்சம் பெற்றனர் என்றும், ஃபலஸ்தீனப் பகுதியிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய தமீமுத் தாரீ (ரலி) அவர்களே முதன்முதலில் அங்கு எண்ணெய் விளக்குகளை ஏற்றினார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். பைத்துல் முகத்தஸுக்குச் சென்று தொழ இயலாதவர் அதன் விளக்குகளுக்கு எண்ணெயாவது அனுப்பலாம் என்னும் கருத்தில் அபூதாவூதில் ஓர் அறிவிப்பும் உண்டு. இவ்வறிவிப்புகளின் தொடர்களைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் குறை கூறியிருக்கிறார்கள். ஆயினும், பள்ளிவாசல் விளக்குக்கு எண்ணெய் வழங்குவதைப் பெரும் நன்மையாகக் கருதும் வழக்கம் மொரோக்கோ முதல் இந்தோனேசியா வரை நூற்றாண்டுகளாக நிலைபெற்றிருந்ததை எவரும் மறுக்க முடியாது.

நம் காலத்தில் அந்த எண்ணெயின் இடத்தை மின்கட்டணம் பிடித்துக்கொண்டது. அதைச் செலுத்த வழியின்றித் திணறும் சிற்றூர்ப் பள்ளிவாசல்கள் உலகெங்கும் உள்ளன. மின்கம்பியே எட்டாத ஊர்களும் உள்ளன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பல முஸ்லிம் நாடுகளின் அரசுகள் இதற்கு ஒரு புதிய வழியைக் கண்டன. பள்ளிவாசலின் கூரைமீது சூரிய மின்தகடுகளை அமைக்க மானியம் வழங்குவதே அவ்வழி. இதில் முன்னோடியாகப் பேசப்படும் நாடு மொரோக்கோ. அங்கே இம்முயற்சி திடீரென வானிலிருந்து இறங்கவில்லை. அதற்குப் பின்னே ஆயிரமாண்டு வக்ஃபு மரபும், மலைக்கிராமங்களின் கூட்டு வாழ்வும், இருபது ஆண்டு கால மின்வசதித் திட்டமும் உள்ளன. அந்த வரலாற்றை அறிந்தால்தான் மானியம் எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பது நமக்கு விளங்கும்.

ஹபூஸ் என்னும் வக்ஃபு

நாம் வக்ஃபு என்று சொல்வதை மொரோக்கோ மக்கள் ஹபூஸ் என்பர். தடுத்து நிறுத்துதல் என்பது இதன் வேர்ப்பொருள். மூலப்பொருளை விற்காமலும் வாரிசுகளுக்குப் பங்கிடாமலும் தடுத்துவைத்து, அதன் விளைச்சலை மட்டும் அல்லாஹ்வின் பாதையில் செலவிடுவதே அதன் சாரம். கடைகள், ஹம்மாம்கள், மாவரைக்கும் ஆலைகள், ஒலிவத் தோப்புகள் முதலியன பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் இவ்வாறு எழுதிவைக்கப்பட்டன. அவற்றின் வருவாயில் ஒரு பகுதி பாய்க்கும், ஒரு பகுதி இமாமின் ஊதியத்துக்கும், ஒரு பகுதி விளக்கெண்ணெய்க்கும் சென்றது.

ஃபெஸ் மாநகரின் கரவிய்யீன் பள்ளிவாசல் இதற்குச் சிறந்த சான்று. 859 ஆம் ஆண்டில் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்னும் பெண்மணி அதை நிறுவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முவஹ்ஹிதீன் ஆட்சியாளர் முஹம்மத் அந்நாஸிரின் காலத்தில் அங்கு வெண்கலத்தாலான மாபெரும் தொங்குவிளக்கு ஒன்று அமைக்கப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிண்ணங்களைத் தாங்கிய அந்த விளக்கு இன்றும் அப்பள்ளிவாசலில் தொங்குகிறது. அத்தனை கிண்ணங்களையும் எரியவைப்பதற்குரிய எண்ணெயை ஒரு செல்வரின் அவ்வப்போதைய ஈகையால் வழங்கிவிட முடியாது. ஆண்டுதோறும் தவறாது வரும் ஹபூஸ் வருவாயே அதைத் தாங்கியது.

விளக்கும் எண்ணெயும் வந்த இடத்தில் சட்டக் கேள்விகளும் வந்தன. பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட விளக்கின் வெளிச்சத்தில் பாடம் படிக்கலாமா? தொழுகை முடிந்தபின் எவ்வளவு நேரம் அதை எரிய விடலாம்? எண்ணெய் மிஞ்சினால் என்ன செய்வது? ஹனஃபி சட்ட நூல்கள் இவற்றை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன. தொழுகைக்காக ஏற்றப்பட்ட நேரத்துக்குள் அவ்வெளிச்சத்தில் கல்வி கற்பதை அவை அனுமதிக்கின்றன. கேட்பாரின்றி விடிய விடிய எரியவிடுவதை வீண்விரயமாகக் கருதுகின்றன.

மாலிகி மத்ஹபைப் பின்பற்றும் மேற்குலகில் மற்றொரு கேள்வி பெரிதாக எழுந்தது. ஒரு பள்ளிவாசலின் ஹபூஸ் வருவாய் தேவைக்கு மேல் மிஞ்சினால், வறுமையில் உள்ள இன்னொரு பள்ளிவாசலுக்கோ வேறொரு நற்பணிக்கோ அதைத் திருப்பலாமா? வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை எள்ளளவும் மீறலாகாது என்றனர் சிலர். அல்லாஹ்வுக்காக வழங்கப்பட்டவை ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளலாம் என்றனர் அந்தலூஸின் அறிஞர் சிலர். ஃபெஸ் நகரில் வாழ்ந்து 1508 இல் மறைந்த இமாம் அல் வன்ஷரீஸி தொகுத்த அல் மிஃயார் என்னும் பெருந்தொகுப்பில் இத்தகைய ஃபத்வாக்கள் ஏராளமாக உள்ளன. கூரைமீது விளையும் மின்சாரம் மிஞ்சும் இக்காலத்தில் அக்கேள்வி மீண்டும் உயிர்பெற்றிருப்பதைப் பின்னர் காண்போம்.

இவற்றோடு எல்லா மத்ஹபுகளின் அறிஞர்களும் வலியுறுத்திய பொதுவிதி ஒன்றுண்டு. வக்ஃபின் வருவாயில் முதல் உரிமை அந்த வக்ஃபுச் சொத்தின் பராமரிப்புக்கே உரியது. கூரை ஒழுகும்போது அதைச் செப்பனிடாமல் பயனாளிகளுக்குப் பங்கிடுவது முறையன்று. மூலப்பொருள் அழிந்தால் நன்மையும் நின்றுவிடும். இக்கட்டுரையின் முடிவு இந்த விதியைச் சார்ந்தே அமையும் என்பதால் வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

மலைக்கிராமத்தின் ஜமாஅத்

ஃபெஸ், மர்ராகிஷ் போன்ற நகரங்களின் நிலை இதுவெனில், அட்லஸ் மலைத்தொடரின் சிற்றூர்களில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே பெரும் ஹபூஸ் சொத்துகள் அரிது. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த வயல்களில் வாற்கோதுமையும், பள்ளத்தாக்குகளில் வாதுமை, வால்நட், ஆப்பிள் மரங்களும் வளர்த்து வாழும் அமாஸீக் மக்கள் தங்கள் பள்ளிவாசலைத் தாங்களே கட்டித் தாங்களே நடத்தி வந்தனர். தங்கள் மொழியில் அதைத் திமஸ்கிதா என்றழைத்தனர். மஸ்ஜித் என்னும் அரபுச் சொல்லே அவ்வாறு உருமாறியது.

ஊர்ப் பொதுக்காரியங்களை முடிவு செய்யும் குடும்பத் தலைவர்களின் அவைக்கு அங்கு ஜமாஅ என்று பெயர். நம் ஊர்களில் ஜமாஅத் என்று வழங்கும் அதே சொல்தான். பாசன நீரை முறைவைத்துப் பங்கிடுவதும், மேய்ச்சல் நிலத்தை எப்போது திறப்பது என்று தீர்மானிப்பதும், இமாமை அமர்த்துவதும் அந்த ஜமாஅவின் பொறுப்பு. ஃபகீஹ் எனப்படும் இமாமோடு ஷர்த் என்னும் ஆண்டு உடன்படிக்கை செய்துகொள்வர். அறுவடையில் இவ்வளவு தானியம், வீட்டுக்கு வீடு முறைவைத்து உணவு என்று அதில் முடிவாகும். ஃபகீஹ் தொழவைப்பார், சிறுவர்களுக்குக் குர்ஆன் கற்பிப்பார்.

அவ்வூர்ப் பள்ளிவாசல்களில் கவனிக்கத்தக்க ஓர் அறை உண்டு. உளூவுக்கு நீர் காய்ச்சும் அறை அது. உயர் அட்லஸின் குளிர்காலத்தில் பனி பெய்யும். சுபுஹு நேரத்துத் தண்ணீர் கையை மரக்கச் செய்யும். ஆகவே ஓர் அடுப்பில் பெரிய கொப்பரையை வைத்து நீர் காய்ச்சுவர். தொழுகைக்கு வந்தோர் அந்த அடுப்பைச் சுற்றி அமர்ந்து குளிர் காய்வர். ஊர் நியாயம் பேசுவர். வழிப்போக்கர் அங்கேயே தங்குவர். தொழுமிடம், பாடசாலை, பேரவை மன்றம், சத்திரம் ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. அந்த அடுப்புக்கு விறகு வேண்டும். அதையும் வீட்டுக்கு வீடு முறைவைத்தே வழங்கினர். மலைச்சரிவுகளில் ஏறி விறகு சேர்த்து முதுகில் சுமந்து வந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே. மரங்கள் குறையக் குறைய அவர்கள் நடக்கும் தொலைவும் கூடியது.

மின்சாரம் வந்த வழி

1912 இல் ஃபிரெஞ்சு ஆதிக்கம் நிலைபெற்றபின் ஹபூஸ் நிர்வாகம் ஒரே தலைமையின்கீழ் திரட்டப்பட்டது. 1956 இல் நாடு விடுதலை பெற்றபோது அந்த அமைப்பு அப்படியே ஓர் அமைச்சகமாகத் தொடர்ந்தது. இன்றும் ஹபூஸ் மற்றும் இஸ்லாமிய விவகார அமைச்சகமே பள்ளிவாசல்களுக்குப் பொறுப்பு. ஆனால் மின்சாரம் நகரங்களோடு நின்றுவிட்டது. 1995 ஆம் ஆண்டிலும் மொரோக்கோவின் கிராமப்புற வீடுகளில் 18 விழுக்காட்டுக்கு மட்டுமே மின்வசதி இருந்தது. மற்றவை மெழுகுவத்தியையும் எரிவாயு விளக்கையும் நம்பியிருந்தன.

அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டு 1996 இல் தொடங்கிய அனைத்துக் கிராம மின்வசதித் திட்டம் இந்நிலையை மாற்றியது. அதன் செலவுப் பங்கீடு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. தேசிய மின்வாரியம் 55 விழுக்காட்டையும், ஊராட்சி 20 விழுக்காட்டையும், பயன்பெறும் வீட்டார் 25 விழுக்காட்டையும் ஏற்றனர். வீட்டார் தங்கள் பங்கான 2,500 திர்ஹத்தை ஒரே தடவையில் கட்டலாம். அல்லது மாதம் 40 திர்ஹம் வீதம் ஏழாண்டுகளில் கட்டலாம். முற்றிலும் இலவசம் என்று அரசு சொல்லவில்லை. முற்றிலும் உங்கள் பாடு என்றும் சொல்லவில்லை. பொறுப்பில் ஒரு பங்கு ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்தது. இருபது ஆண்டுகளில் கிராம மின்வசதி 99 விழுக்காட்டை எட்டியது.

கம்பி இழுப்பதற்கு அளவுமீறிச் செலவாகும் தொலைதூரச் சிற்றூர்களுக்கு மாற்றுவழி தேடப்பட்டது. அங்கே 50,000 க்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சிறு சூரிய மின்தகடும் பேட்டரியும் கொண்ட கருவித்தொகுதிகள் வழங்கப்பட்டன. சில விளக்குகள், ஒரு சிறிய தொலைக்காட்சி, அவ்வளவே அதன் ஆற்றல். கிணற்று நீரை இறைக்க அது போதாது. நீர் காய்ச்சவும் போதாது. வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது. ஊருக்குப் பொதுவான தேவைகள் அப்படியே நின்றன. இந்த இடைவெளியை நிரப்பத்தான் பொதுக் கட்டடத்தை நாட வேண்டியதாயிற்று. மலைக்கிராமத்தில் பொதுக் கட்டடம் என்றால் அது முதலில் பள்ளிவாசல்தான்.

அதே காலத்தில் பள்ளிவாசலின் பணியும் விரிந்தது. 2000 ஆம் ஆண்டில் மன்னர் ஆறாம் முஹம்மத் பள்ளிவாசல்களில் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கச் செய்தார். அவற்றில் பயின்றோரில் பெரும்பான்மையினர் பெண்கள். முன்னர் எழுத்தறியாதிருந்த தாய்மார்களுக்குப் பாடம் நடக்கும் இடமாகப் பள்ளிவாசல் மாறியபோது, வெளிச்சத்தின் தேவை தொழுகை நேரத்தோடு முடிந்துவிடவில்லை.

பசுமைப் பள்ளிவாசல் திட்டம்

2010 பிப்ரவரி 19 ஆம் நாள் வெள்ளிக்கிழமை, மெக்னெஸ் நகரின் பழம்பெரும் பள்ளிவாசல் ஒன்றின் மினாரா ஜும்ஆ வேளையில் இடிந்து விழுந்தது. 41 பேர் உயிரிழந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாட்டின் பழைய பள்ளிவாசல்கள் அனைத்தையும் ஆய்வு செய்ய அரசு ஆணையிட்டது. ஆபத்தானவை மூடப்பட்டன, புதுப்பிக்கும் பணி தொடங்கியது. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதை உயிர்விலை கொடுத்து அந்நாடு கற்றது.

மறுபுறம் எரிபொருள் நெருக்கடி. எண்ணெய் வளமற்ற மொரோக்கோ தன் எரிபொருள் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வாங்கி வந்தது. விலை ஏறியபோது அரசின் எரிபொருள் மானியச் சுமை தாங்க முடியாததாயிற்று. 2014 இலும் அதை அடுத்தும் பெட்ரோல், டீசல் மானியங்கள் நீக்கப்பட்டன. எரிப்பதற்குக் கொடுத்த மானியத்தைக் குறைத்து, சேமிப்பதற்கும் சூரிய ஆற்றலுக்கும் முதலீடு செய்யும் கொள்கை உருவாயிற்று. 2016 பிப்ரவரியில் வர்ஸஸாத் நகருக்கு அருகே நூர் என்று பெயரிடப்பட்ட 160 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. நூர் என்றால் ஒளி.

இவ்விரண்டு நீரோடைகளும் சேர்ந்த இடத்தில் பிறந்ததுதான் பசுமைப் பள்ளிவாசல் திட்டம். 2014 ஆம் ஆண்டில் ஹபூஸ் அமைச்சகமும், எரிசக்தி அமைச்சகமும், எரிசக்திச் சிக்கனத்துக்கான தேசிய முகமையும், அரசின் எரிசக்தி முதலீட்டு நிறுவனமும் கைகோத்தன. ஜெர்மனியின் பன்னாட்டு ஒத்துழைப்பு நிறுவனம் தொழில்நுட்ப உதவியும் பயிற்சியும் அளித்தது. நாட்டில் ஏறத்தாழ 50,000 பள்ளிவாசல்கள் உள்ளன. அவற்றுள் முதற்கட்டமாக 600 பள்ளிவாசல்களை 2019 க்குள் மாற்றியமைப்பது இலக்கு. தொடக்கச் செலவில் 70 விழுக்காடு வரை அரசு ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. காஸாபிளாங்காவின் இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல், மர்ராகிஷின் குதுபிய்யா ஆகிய பெரும் பள்ளிவாசல்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன.

இத்திட்டத்தின் வேலைமுறை எளியது. முதலில் ஒரு வல்லுநர் பள்ளிவாசலின் மின்செலவைத் தணிக்கை செய்வார். பழைய விளக்குகளை அகற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துவர். விறகடுப்புக்கும் எரிவாயுவுக்கும் மாற்றாகக் கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் அமைப்பர். இறுதியாகவே மின்தகடுகள். வேலையை ஏற்கும் நிறுவனம் இவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று உறுதியளிக்க வேண்டும். மிச்சமாகும் கட்டணத்திலிருந்தே அதற்குரிய தொகை தவணையாகத் திரும்பும். வாக்களித்த சேமிப்பு கிடைக்காவிட்டால் நட்டம் அந்நிறுவனத்துக்கே.

விளக்கை மாற்றுவதை முதலிலும் தகட்டைக் கடைசியிலும் வைத்ததில் ஆழ்ந்த பொருளுண்டு. சூரியன் பகலில் மட்டுமே மின்சாரம் தரும். பள்ளிவாசலோ மஃரிப், இஷா, சுபுஹு வேளைகளில்தான் விளக்கை நாடுகிறது. லுஹரிலும் அஸரிலும் சன்னல் வெளிச்சமே போதும். வெள்ளிக்கிழமையும் ரமளான் இரவுகளும் நீங்கலாக மற்ற நாள்களில் கூட்டமும் குறைவு. ஆக, விளையும் நேரமும் வேண்டும் நேரமும் வேறு வேறு. பகலில் மிஞ்சுவதை மின்வாரியத்துக்குக் கொடுத்து இரவில் திரும்பப் பெறும் ஏற்பாடு இருந்தால் இச்சிக்கல் தீரும். மொரோக்கோவில் சிறிய இணைப்புகளுக்கு அந்த ஏற்பாடு நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. தன் தேவைக்குத் தானே மின்சாரம் தயாரிப்பதற்கென விரிவான சட்டம் 2023 இல்தான் அரசிதழில் வெளியாயிற்று. அதுவரை பேட்டரியே வழி. பேட்டரியோ விலை மிகுந்தது, சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவது. எனவே, தேவையைக் குறைத்துவிட்டு அதன்பின் உற்பத்தியைப் பற்றி எண்ணுவதே அறிவுடைமை. விரயம் செய்வோரைக் குறித்து இறைமறை விடுக்கும் எச்சரிக்கையை அறிந்த நமக்கு இது புதிய பாடமன்று.

திட்டத்தின் நோக்கம் கட்டணச் சேமிப்போடு நிற்கவில்லை. மின்பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை உருவாக வேண்டும் என்பது குறிக்கோள். இமாம்களும் பெண் மார்க்க வழிகாட்டிகளான முர்ஷிதாக்களும் கருத்தரங்குகளில் பங்கேற்றனர். பள்ளிவாசல் கூரையில் கண்டதை மக்கள் தங்கள் வீட்டுக் கூரையிலும் அமைப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது.

தத்மாமெத்: ஊருக்கு ஒளி தந்த பள்ளிவாசல்

மர்ராகிஷுக்குத் தெற்கே உயர் அட்லஸில் தத்மாமெத் என்னும் சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ 400 பேர் வாழும் ஊர். வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, ஆப்பிள் ஆகியவை அவர்களின் பயிர்கள். பழைய பள்ளிவாசலைச் சூரிய ஆற்றலுக்கு மாற்றுவது ஒரு வகை. இங்கேயோ அடித்தளம் முதலே சூரிய ஆற்றலை மனத்தில் கொண்டு புதுப் பள்ளிவாசல் எழுப்பப்பட்டது. மர்ராகிஷில் 2016 நவம்பரில் ஐ.நா. காலநிலை மாநாடு கூடிய காலத்தை ஒட்டி இவ்வூர் உலகின் கவனத்துக்கு வந்தது.

கூரைமீதுள்ள தகடுகள் பள்ளிவாசலின் விளக்குகளுக்கும் இமாமின் இல்லத்துக்கும் மின்சாரம் தந்தன. உளூவுக்கும் குளியலுக்கும் சூரிய வெந்நீர் கிடைத்தது. இருளில் கிடந்த தெருக்களுக்குச் சூரிய விளக்குகள் வந்தன. பிள்ளைகள் மாலையில் பாடம் படிக்க வெளிச்சமுள்ள ஒரு பொது இடம் உண்டாயிற்று. மிஞ்சும் மின்சாரத்தால் கிணற்று நீரை இறைத்துத் தோட்டங்களுக்குப் பாய்ச்சவும் திட்டமிடப்பட்டது.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசல் விளக்கில் மாணவன் படிக்கலாமா என்று சட்ட மேதைகள் ஆராய்ந்த அதே கேள்வி இங்கே மலைக்கிராமத்துச் சிறுவனின் பாடப்புத்தகத்தின்மேல் விழும் வெளிச்சமாக நிற்கிறது. மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சிய மின்சாரமாக வந்து ஊர்க்கிணற்றின் முன் நிற்கிறது. அல்லாஹ்வுக்காக வழங்கப்பட்டவை ஒன்றுக்கொன்று உதவலாம் என்ற அந்தலூஸ் அறிஞர்களின் பார்வை எத்துணைத் தொலைநோக்குடையது! முற்காலத்தில் ஊர் முழுவதும் விறகும் தானியமும் சுமந்துவந்து பள்ளிவாசலைத் தாங்கியது. இப்போது பள்ளிவாசல் ஊருக்குத் திருப்பித் தருகிறது.

மொரோக்கோ மட்டுமல்ல, ஜோர்தானும் இவ்வழியில் நடந்தது. தன் எரிபொருளில் மிகப் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் அந்நாடு எகிப்திலிருந்து வந்த இயற்கை எரிவாயுவை நம்பியிருந்தது. 2011 முதல் சினாய்ப் பாலைவனத்தில் அந்தக் குழாய் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டபோது மின்சாரச் செலவு விண்ணைத் தொட்டது. 2012 இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இயற்றப்பட்டு, உதவித்தொகை வழங்கத் தனி நிதியமும் அமைந்தது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 6,000 பள்ளிவாசல்களையும் படிப்படியாகச் சூரிய ஆற்றலுக்கு மாற்றும் திட்டத்தை 2015 இல் அரசு அறிவித்தது. மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிவழியே கொடுத்துக் கணக்கில் கழிக்கும் முறை அங்கு முன்னரே நடைமுறையில் இருந்ததால் பேட்டரியின் சுமை குறைந்தது.

மானியமும் வக்ஃபும்

இவ்வளவு நன்மை இருந்தும் மானியத்தின் வரம்பை நாம் மறக்கலாகாது. மானியம் என்பது ஒருமுறை வந்து போகும் தொகை. அது தகட்டை வாங்கித் தரும், பொருத்தித் தரும், திறப்பு விழாவும் நடத்தித் தரும். அதன்பின் என்ன? மின்தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கலாம். அதனோடு இணைந்த இன்வெர்ட்டர் பத்தாண்டுகளில் பழுதாகலாம். பேட்டரி அதற்கும் முன்னரே ஓயும். தகட்டின்மேல் படியும் தூசியை வாரந்தோறும் துடைக்காவிட்டாலே விளைச்சல் குறையும். நல்லெண்ணத்தோடு தரப்பட்ட சூரியக் கருவிகள் ஒரு சிறு உதிரிப்பாகத்துக்கு ஆளின்றிக் கூரையில் வெறுமனே கிடக்கும் காட்சி வளரும் நாடுகள் பலவற்றில் காணக்கூடியது. கொடுத்தவர் கணக்கை முடித்துவிட்டார். பெற்றவருக்கோ அது தம்முடைய பொருள் என்ற எண்ணமே எழவில்லை.

நம் முன்னோர் வகுத்த வக்ஃபு விதி இவ்விடத்தில்தான் கைகொடுக்கிறது. கூரைமீதுள்ள தகட்டை ஓர் ஒலிவத் தோப்பாக எண்ணிப் பாருங்கள். தோப்பு மூலப்பொருள், மின்சாரம் அதன் விளைச்சல். விளைச்சலின் முதல் பங்கு தோப்பைக் காப்பதற்கே உரியது. முன்பு மாதம் எவ்வளவு கட்டணம் செலுத்தினோமோ அதில் மிச்சமாவதை முழுவதும் வேறு செலவுகளில் கரைத்துவிடாமல், ஒரு பகுதியைத் தனியே எடுத்துவைத்தால் பேட்டரி ஓயும் நாளில் அடுத்த பேட்டரிக்குப் பணம் இருக்கும். நாற்பது திர்ஹம் வீதம் ஏழாண்டுகள் கட்டிய கிராமத்தாரின் மின்விளக்கு அணையாமல் எரிவதற்கும், விறகை முறைவைத்துச் சுமந்த மலைவாழ் மக்களின் அடுப்பு நூற்றாண்டுகளாக அவியாமல் இருந்ததற்கும் காரணம் ஒன்றே. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது.

2023 செப்டம்பர் 8 ஆம் நாள் இரவில் அந்த உயர் அட்லஸ் பகுதியை 6.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ 3,000 பேர் உயிரிழந்தனர், ஊர்கள் தரைமட்டமாயின, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தின்மல் பள்ளிவாசல் உட்படப் பல இறையில்லங்கள் சேதமுற்றன. அல்லாஹ் அவர்களுக்கு ரஹ்மத் செய்வானாக. கட்டடமும் கருவியும் ஒரே இரவில் போய்விடக்கூடியவை என்பதை அந்த இரவு உணர்த்தியது. மீண்டும் எழுப்புவதற்கு வெளியிலிருந்து எவ்வளவு உதவி வந்தாலும், எது முதலில், எது பின்னர், யார் பொறுப்பு என்று முடிவு செய்ய ஊருக்குள் ஓர் ஒற்றுமையான ஜமாஅத் இருக்க வேண்டும். அதை எந்த அரசாலும் மானியமாக வழங்க இயலாது.

நம் ஊர்களிலும் பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ சமுதாயக் கூடத்துக்கோ சூரிய மின்தகடு அமைப்பதைப் பற்றிய பேச்சு இன்று எழுகிறது. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் பணம் அனுப்ப முன்வருகிறார்கள். அரசுத் திட்டங்களும் வருகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் சில கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம். தேவையற்ற விளக்குகளையும் பழைய விசிறிகளையும் முதலில் மாற்றிவிட்டோமா? மிஞ்சும் மின்சாரத்தால் பயனடையப் போவது யார்? துடைப்பதும் பழுதுபார்ப்பதும் யார் பொறுப்பு? மிச்சமாகும் கட்டணத்தில் எவ்வளவு பராமரிப்பு நிதிக்குச் செல்லும்? அந்தக் கணக்கு ஆண்டுதோறும் ஊரார்முன் வாசிக்கப்படுமா? இக்கேள்விகளுக்கு விடை எழுதிவைத்தபின் அமையும் மின்தகடு ஸதகத்துல் ஜாரியாவாக நிலைக்கும், இன்ஷா அல்லாஹ். விடையின்றி அமைவது சில ஆண்டுகளில் கூரைப் பாரமாகிவிடக்கூடும்.

விளக்கை ஏற்றுவது ஒரு நாள் வேலை. அதை அணையாமல் காப்பது தலைமுறைகளின் பணி. கரவிய்யீனின் ஐந்நூறு கிண்ணங்களுக்கு எண்ணெய் ஊற்றியவர்களின் பெயர்களை எந்த நூலும் பதிவு செய்யவில்லை. ஆயினும் அந்த ஒளியில் தொழுதவர்களும் கற்றவர்களும் எத்தனையோ ஆயிரம். அந்தப் பெயரறியா நல்லடியார்களின் வரிசையில் நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக. ஆமீன்.